பாய்லர் புதுசு... பில் பழசு!

ஜனவரிக் காலையில் லண்டனின் ஏதாவது ஒரு குடியிருப்புத் தெருவில் நடந்து பாருங்கள். வரிசை வீடுகளின் சுவரிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்கள் வழியே வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும். ‘உங்க வீட்டு ஆவி எங்க வீட்டு ஜன்னல்ல அடிக்குது’ என்று அக்கம்பக்கத்தில் உரசல்கூட வருவதுண்டு. காசு கொடுத்து வாங்கிய சூடு இப்படித் தெருவுக்குப் போகிறதே என்று புதிதாகப் பார்ப்பவருக்கு மனசு பதறும்.

உண்மை நேர்மாறானது. ஆவி கண்ணுக்குத் தெரிகிறது என்றால், பாய்லரை விட்டு வரும் புகை ஏறக்குறைய 50 டிகிரிக்கு ஆறி, ஈரத்தோடு வெளியே வருகிறது என்று அர்த்தம். முப்பது வருடத்துக்கு முந்தைய பாய்லரின் புகை 150 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டு போகும். பெரும்பாலும் கண்ணில் படாது. கண்ணில் படாததால் அதற்காக யாரும் வருத்தப்படவும் இல்லை.

பிரிட்டனில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் கேஸ் பாய்லரால்தான் குளிர்காலத்தைக் கடத்துகின்றன. சமையலறை அலமாரிக்குள்ளோ மாடிப்படிக்குக் கீழேயோ தொங்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. அது தண்ணீரைச் சுட வைத்து, குழாய் வழியே ஒவ்வொரு அறையின் ரேடியேட்டருக்கும் அனுப்புகிறது. கொஞ்சம் ஆறிய தண்ணீர் திரும்பப் பெட்டிக்கு வருகிறது. குழாயில் வெந்நீரும் அதிலிருந்தே. இந்தப் பெட்டி பழுதானால், ‘ஹை எஃபிஷியன்சி, ஏ ரேட்டிங், 92 சதவீதம்’ என்ற ஸ்டிக்கரோடு புதுப் பெட்டி வந்து இறங்குகிறது. மூவாயிரம் பவுண்டு போகிறது. அடுத்த குளிர்காலத்தில் பில்லைப் பார்த்தால், எதிர்பார்த்த இறக்கம் இல்லை.

பெட்டியில் குறை இருக்காது. அதற்குள் சுற்றும் தண்ணீரின் சூட்டில்தான் குறை.

ஆவியில் ஒளிந்த பத்து சதவீதம்

இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால், வெந்நீர் பட்டதைவிடக் கடுமையாகச் சுடும். ஆவி தண்ணீராக மாறும்போது, தனக்குள் வைத்திருந்த சூட்டை மொத்தமாகக் கையில் இறக்கிவிடுகிறது. புது வகை பாய்லரின் ரகசியம் முழுக்க இதுதான்.

கேஸ் எரிந்தால் கரியமில வாயு மட்டும் வருவதில்லை, தண்ணீரும் வருகிறது. ஒரு கன மீட்டர் கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் கூடுதலான தண்ணீர், ஆவியாகப் புகையில் கலந்திருக்கும். கேஸில் இருக்கும் மொத்தச் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த ஆவியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு பாய்லர்கள் அதை அப்படியே புகைபோக்கி வழியே அனுப்பிவிட்டன. ‘கண்டென்சிங் பாய்லர்’ எனப்படும் புது வகை, புகையை வெளியே விடுவதற்கு முன்னால், ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீரின் மேல் உரசவிடுகிறது. ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டுகிறது. விட்ட சூடு வீட்டுக்குத் திரும்புகிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. புகையில் இருக்கும் ஆவி தண்ணீராக மாற ஆரம்பிப்பது சுமார் 55 டிகிரியில். திரும்பி வரும் தண்ணீர் அதைவிடச் சூடாக இருந்தால் ஒரு சொட்டுகூடச் சேராது. 80 டிகிரியில் தண்ணீரை அனுப்பி, அது 60, 65 டிகிரியில் திரும்பினால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கண்டென்சிங் பாய்லர் கண்டென்ஸ் செய்யாத சாதாரண பாய்லராகவே ஓடும். திறன் 87 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். திரும்பும் தண்ணீர் 50-க்குக் கீழே இறங்க இறங்கத் திறன் ஏறும். 30 டிகிரியில் வந்தால் 97 வரை போகும். ஸ்டிக்கரில் இருக்கும் 92, சோதனைக்கூடத்தில் நிர்ணயித்த சூழலில் கிடைத்த எண். உங்கள் வீட்டில் அது எவ்வளவு என்பதை உங்கள் வீட்டுத் தண்ணீர் தீர்மானிக்கிறது.

இடையில் ஒரு வேடிக்கை. நெதர்லாந்தில் நல்ல பாய்லர்களுக்கு ‘ஹெச்ஆர் 107’ என்று ஒரு முத்திரை தருவார்கள். 107 சதவீதத் திறன் என்று பொருள். போட்டதைவிட அதிகமாக எடுக்க முடியுமா? முடியாது. அங்கே கணக்குப் போடும்போது ஆவியில் இருக்கும் சக்தியை வரவிலேயே சேர்ப்பதில்லை; செலவுப் பக்கத்தில் மட்டும் அது வந்து நிற்கிறது. கணக்குப் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

டச்சுக்காரர் கண்டது, பிரிட்டன் தயங்கியது

வீட்டுக்கான கண்டென்சிங் பாய்லரை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது நெதர்லாந்தின் நெஃபிட் நிறுவனம், 1981-ல். 1973, 1979 என இரண்டு எண்ணெய் நெருக்கடிகளில் அடிபட்ட ஐரோப்பா, புகையில் போகும் சூட்டைக்கூட எண்ணிப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது.

பிரிட்டனுக்கு அந்தக் கவலை குறைவு. வட கடலில் கேஸ் கிடைத்தது. 1967-ல் தொடங்கி பத்து வருடத்தில், நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய ‘டவுன் கேஸ்’ முழுவதையும் கைவிட்டு, நாட்டின் சுமார் 4 கோடி அடுப்புகளையும் ஹீட்டர்களையும் வீடு வீடாகப் போய் மாற்றினார்கள். சமாதான காலத்தில் அந்த நாடு செய்த பெரிய வேலைகளில் ஒன்று. 1970 வாக்கில் மூன்றில் ஒரு வீட்டில்கூட சென்ட்ரல் ஹீட்டிங் இல்லை. கூடத்தில் மட்டும் நெருப்பு, படுக்கையறை ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் பனிப்படலம். கேஸ் மலிவாக வந்ததும் பாய்லர்கள் பெருகின. மலிவாக வந்த பொருளைச் சிக்கனமாக எரிக்க யாருக்கும் அவசரமில்லை. கண்டென்சிங் பாய்லர் என்றால் பிளம்பர்கள் முகம் சுளித்தார்கள்: விலை அதிகம், அடிக்கடி மக்கர், தண்ணீர் சொட்ட வைக்க வேறு தனிக் குழாய்.

சட்டம் வந்துதான் வழி பிறந்தது. 2005 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக மாட்டும் கேஸ் பாய்லர், சில விதிவிலக்குகள் தவிர, கண்டென்சிங் வகையாகவே இருக்க வேண்டும் என்றார்கள். 2010-ல் பழைய ‘ஜி’ தரப் பெட்டியைத் தூக்கிப் போட 400 பவுண்டு கொடுத்தார்கள், 1,25,000 வீடுகளுக்கு. 2018-ல் ‘பாய்லர் பிளஸ்’ என்ற விதி வந்து, குறைந்தது 92 சதவீதம் என்றது.

பெட்டியை மாற்ற வைத்த சட்டத்துக்கு, அதை எந்தச் சூட்டில் ஓட்டுகிறார்கள் என்று கேட்க வெகு காலம் தோன்றவே இல்லை. ஹீட்டிங் அமைப்பை முழுதாக மாற்றினால் 55 டிகிரிக்கு மேல் போகாதபடி வடிவமைக்க வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் அமலுக்கு வந்தது 2022 ஜூனில். நடுவில் போன 17 வருடத்தில் மாட்டிய பெட்டிகளில் ஏராளமானவை 70, 80 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்னைக் கேட்டால், பிரிட்டனின் எரிசக்திக் கொள்கையில் இதைவிடச் சோம்பேறித்தனமான ஓட்டை கிடையாது.

80-ல் வைத்துவிட்டுப் போவது ஏன்?

மாட்டுகிறவரின் இடத்திலிருந்து பார்த்தால் காரணம் புரியும். காலையில் பழைய பெட்டியைக் கழற்றி, மாலைக்குள் புதியதை ஓடவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். சூட்டைக் குறைத்து வைத்துவிட்டுப் போனால், ‘புது பாய்லர் போட்டும் ரேடியேட்டர் சுடலையே’ என்று ராத்திரி எட்டு மணிக்கு போன் வரும். கூடுதலாக வைத்தால் வராது. பில் கூடியதற்காக யாரும் பிளம்பரை எழுப்புவதில்லை.

இன்னொன்று, பெட்டியின் அளவு. பிரிட்டனில் அதிகம் விற்பது ‘காம்பி’ வகை. தனியாக வெந்நீர்த் தொட்டி வேண்டாம், குழாயைத் திறந்ததும் தண்ணீரைச் சுட வைத்துத் தரும். நல்ல ஷவருக்கு அதற்கு 24 முதல் 30 கிலோவாட் வேண்டும். அதே வீட்டை உறைபனி நாளில் சூடாக வைத்திருக்க, ஓரளவு காப்பு உள்ள சாதாரண வரிசை வீட்டுக்கு 6, 8 கிலோவாட் போதும். ஷவருக்காக வாங்கிய பலத்தை ரேடியேட்டர் பக்கமும் அப்படியே திறந்துவிட்டால், பெட்டி சில நிமிடம் முழுவீச்சில் எரிந்து அணைந்து, மறுபடி எரிந்து அணையும். கேஸும் வீண், பெட்டியின் ஆயுளும் குறையும். ஹீட்டிங்குக்கான உச்ச பலத்தைத் தனியாகக் குறைத்து வைக்கும் வசதி பெரும்பாலான பெட்டிகளின் உள்ளமைப்பில் இருக்கிறது. அதைத் தொடும் எஞ்சினியர்கள் குறைவு.

குளிர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் பிரேமரில் 1982 ஜனவரியில் மைனஸ் 27.2 டிகிரி பதிவானது. நாட்டின் சாதனைக் குளிர் அது. லண்டன் வீட்டுக்கு ஹீட்டிங் கணக்குப் போடுவதோ மைனஸ் இரண்டு, மூன்று டிகிரிக்கு. குளிர்காலத்தின் பெரும்பான்மை நாட்களில் வெளியே ஐந்து, எட்டு என்று ஈரக் குளிர்தான் இருக்கும். அந்த நாட்களுக்கு 80 டிகிரித் தண்ணீர் எதற்கு? 45-ல் ஓடினாலே பல வீடுகள் சூடேறும், கொஞ்சம் நேரம் கூடுதலாக எடுக்கும் அவ்வளவுதான். ஜெர்மனியில் சுவருக்கு வெளியே ஒரு சின்ன சென்சாரை மாட்டி, வெளிக்குளிருக்கு ஏற்றபடி பாய்லரே தண்ணீர்ச் சூட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்படி விடுவது வெகுகாலப் பழக்கம். பிரிட்டனில் விற்கும் பல பாய்லர்களிலும் இந்த வசதிக்கு இடம் இருக்கிறது. சென்சாரைக் கேட்டு வாங்குகிறவர்கள்தான் இல்லை.

தேவைக்கு மேல் சூட்டை ஏற்றும் இந்தப் பழக்கம் லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடமும் உண்டு. நூறு வருடத்துக்கும் மேல் பழைய விக்டோரியன் வரிசை வீடுகளையும் 1930-களின் வீடுகளையும் கடன் போட்டு வாங்கியவர்கள் அவர்களில் ஏராளம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் ஹீட்டிங்கை முழுவீச்சில் போட்டு, நடுவில் ‘சிக்கனமாக’ அணைத்து வைப்பது அங்கே வழக்கம். ஊரிலிருந்து வந்த அம்மா குளிருது என்றதும் தெர்மோஸ்டாட்டை 28-க்கு ஏற்றுகிற பிள்ளைகளும் உண்டு. தெர்மோஸ்டாட் வேகத்தைக் கூட்டுவதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. 21-க்கு வைத்தாலும் 28-க்கு வைத்தாலும் அறை 21-ஐ எட்ட ஒரே நேரம்தான் ஆகும்.

உறைந்த குழாய்

கண்டென்சிங் பாய்லருக்கு என்றே உள்ள தலைவலி, அது சொட்டவிடும் தண்ணீர். ஆவி மீண்டும் தண்ணீரானால் அது எங்காவது போக வேண்டுமே. எலுமிச்சைச் சாற்றின் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓரளவு அமிலத் தன்மை அதற்கு உண்டு. அதனால் உலோகக் குழாய் ஆகாது, பிளாஸ்டிக் குழாய்தான். சமையலறைக் கழிவுக் குழாயோடு வீட்டுக்குள்ளேயே இணைத்தால் தொல்லை இல்லை. பல வீடுகளில் எளிதாக முடியட்டும் என்று சுவரைத் துளைத்து, மெல்லிய குழாயை வெளியே நீளமாக ஓடவிட்டார்கள்.

2010 டிசம்பர் வந்தது. நூறு வருடங்களில் காணாத டிசம்பர் குளிர். துளித் துளியாகச் சொட்டிய தண்ணீர் வெளிக்குழாயில் உறைந்து அடைத்தது. உள்ளே தண்ணீர் தேங்க, பாய்லர் களகளவென்று குமுறிவிட்டுத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. மிக வேண்டிய நாளில், மிகப் புதிய பாய்லர்கள் கும்பல் கும்பலாக நின்றன. பழைய ஓட்டைப் பெட்டி வைத்திருந்த வீடுகள் கதகதப்பாக இருந்தன. தீர்வு சிரிப்பு வரவைக்கும்: கெட்டிலில் வெந்நீர் எடுத்துப் போய் வெளிக்குழாயின் மேல் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் வெடிக்கும், இளஞ்சூடு போதும். பிறகு பாய்லரின் ரீசெட் பொத்தான். அதன் பின்னர் வெளிக்குழாயைப் பருமனாகவும் குட்டையாகவும், சரிவோடும், மேலே காப்பு உறையோடும் போட வேண்டும் என்ற வழிகாட்டல் இறுகியது. புது பாய்லர் மாட்டும்போது வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இதே நிதானத்தோடு பார்க்க வேண்டிய இன்னொன்று, குழாய்களுக்குள் இருக்கும் கறுப்புச் சகதி. இருபது வருட ரேடியேட்டர்களின் இரும்புத் துரு அது. புதுப் பெட்டியின் வெப்பப் பாதைகள் குறுகலானவை. சகதி போய் அடைத்தால் இரண்டே குளிர்காலத்தில் செத்துப்போகும். மொத்த அமைப்பையும் கழுவி, காந்த வடிகட்டி மாட்டி, துரு தடுக்கும் திரவம் ஊற்றாமல் புதுப் பெட்டியை மாட்டுகிறவரின் மலிவான கொட்டேஷன் மலிவானது அன்று.

காசுக் கணக்கு

விற்பனை விளம்பரங்கள் ‘மூன்றில் ஒரு பங்கு மிச்சம்’ என்பதுபோல் பேசும். நாமே போட்டுப் பார்ப்போம். ஆஃப்ஜெம் என்ற எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் ஒரு சராசரி வீட்டுக்கு வைத்த கேஸ் அளவு ஆண்டுக்கு 11,500 யூனிட். அதை ஒட்டி, ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 9,000 யூனிட் சூடு தேவை என்று கொள்வோம். 70 சதவீதத் திறனுள்ள பழைய பெட்டிக்கு அதற்காக ஏறக்குறைய 12,850 யூனிட் கேஸ் வேண்டும். 90 சதவீதத்தில் நன்றாக ஓடும் புதுப் பெட்டிக்கு 10,000. மிச்சம் 2,850 யூனிட். யூனிட் 6 பென்ஸ் என்றால் ஆண்டுக்கு 171 பவுண்டு. மாற்றும் செலவு மூவாயிரம் பவுண்டு. போட்ட பணம் திரும்ப 17 வருடத்துக்கு மேல். பெட்டியின் ஆயுளே பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

2008-ல் மாட்டிய கண்டென்சிங் பெட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அதைக் கழற்றிப் புதிய கண்டென்சிங் பெட்டி மாட்டுவதில் பில் அசையவே அசையாது. அந்தப் பணத்தை மேல்தளக் கூரைக்குக் கீழே 27 சென்டிமீட்டர் காப்பு விரிப்பு போடவும், கதவு ஜன்னல் இடுக்குகளை அடைக்கவும் செலவழித்தால் பலன் அதிகம். காப்பு இல்லாத வீட்டின் சூட்டில் கால்வாசி கூரை வழியேதான் போகிறது. ஒற்றைத் தகடு ரேடியேட்டரை இரட்டைத் தகடாக மாற்றுவதும் அப்படியே: பரப்பு கூடினால் குறைந்த சூட்டுத் தண்ணீரே அறைக்குப் போதும், பாய்லர் தானாகக் கண்டென்ஸ் செய்யும்.

காசே செலவில்லாத வழி, தண்ணீர்ச் சூட்டை இறக்குவது. உக்ரைன் போருக்குப் பிறகு கேஸ் விலை எகிறி, 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்த சராசரி வீட்டின் ஆண்டு எரிசக்திச் செலவு, 2022 அக்டோபரில் அரசு முட்டுக்கொடுத்தும் 2,500 ஆனபோதுதான் இது ஊர்ப் பேச்சானது. நெஸ்டா என்ற அறக்கட்டளை, ‘பாய்லரை 60-க்கு இறக்குங்கள்’ என்று பிரசாரம் நடத்தியது. காம்பி வைத்திருக்கும் வீடுகளில் இதனால் 6 முதல் 8 சதவீதம் வரை கேஸ் மிச்சமாகும் என்று பாய்லர் தொழில்துறையின் சங்கமே சொன்னது. இத்தனை வருடம் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று யாரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து என்ன?

பிரிட்டன் அரசு ‘பாய்லர் அப்கிரேடு ஸ்கீம்’ என்று ஒரு மானியம் தருகிறது. பெயரை நம்பிப் புது கேஸ் பாய்லருக்கு விண்ணப்பித்தால் ஒரு பென்ஸ்கூடக் கிடைக்காது. அது பாய்லரைத் தூக்கிவிட்டு ஹீட் பம்ப் போடுகிறவர்களுக்கு. 2022-ல் 5,000 பவுண்டில் தொடங்கி, 2023 அக்டோபரில் 7,500 ஆனது. வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் அனுப்பும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தரும். அதற்கும் பிடித்தது 45, 50 டிகிரித் தண்ணீர்தான். ஆக, இன்று கேஸ் பாய்லருக்காகப் பெரிதாக்கிய ரேடியேட்டரும், அடைத்த இடுக்கும் நாளைக்கு ஹீட் பம்புக்கும் உதவும். தூக்கி எறிய வேண்டியது வெள்ளைப் பெட்டி மட்டுமே. 45 டிகிரியில் ஒரு குளிர்காலத்தைக் கதகதப்பாகக் கடத்திவிட்ட வீடு, ஹீட் பம்புக்குத் தயாரான வீடு.

பழைய பெட்டி இன்னும் ஓடுகிறதா? அது உயிரை விடும் ஜனவரி இரவில் முடிவெடுக்காதீர்கள். கிடைத்த ஆளிடம் கிடைத்த பெட்டியை வாங்க நேரும். கோடையிலேயே இரண்டு மூன்று பேரிடம் கொட்டேஷன் கேளுங்கள். ‘கேஸ் சேஃப்’ அடையாள அட்டையைப் புரட்டி, பின்பக்கத்தில் பாய்லர் வேலைக்கு அனுமதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அறை அறையாக அளந்து வெப்ப இழப்புக் கணக்குப் போடாமல், ‘மூணு பெட்ரூமா? 30 கிலோவாட் போட்டுடலாம்’ என்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கண்டென்சிங் பெட்டி ஏற்கெனவே இருக்கும் வீடுகளுக்கு இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காம்பியின் முகப்பில் இரண்டு அமைப்புகள் இருக்கும். குழாய்ப் படம் போட்டது வெந்நீருக்கு, ரேடியேட்டர் படம் போட்டது ஹீட்டிங்குக்கு. ரேடியேட்டர் படத்தை 60-க்கு இறக்குங்கள். வீடு சூடேறுகிறது என்றால் அடுத்த வாரம் 55-க்கு வையுங்கள். குளிர்ந்தால் ஐந்து ஏற்றிக்கொள்ளுங்கள். தனி வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகள் மட்டும் 65-க்குக் கீழே போக வேண்டாம்; தொட்டித் தண்ணீர் 60 டிகிரியைத் தொடாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளர வாய்ப்பு உண்டு. வீட்டில் கைக்குழந்தையோ முதியவர்களோ நோயாளிகளோ இருந்தால் அறைச் சூட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள், தண்ணீர்ச் சூட்டில் பாருங்கள்.